ஷெஃபீல்டின் 17,500 மரங்கள்

இங்கிலாந்தின் வடபகுதியில் இருக்கும் ஷெஃபீல்டு, எஃகுக்குப் பேர்போன ஊர். தமிழ்நாட்டு அடுக்களைகளில் எவர்சில்வர் என்று புழங்கும் துருப்பிடிக்காத எஃகை 1913-ல் ஹாரி பிரேர்லி உருவாக்கியது இங்கேதான். ஆலைகளின் ஊராக இருந்தாலும் மரங்களுக்குக் குறைவில்லை. மாநகராட்சியின் பொறுப்பில் இருந்த சாலையோர மரங்கள் மட்டுமே சுமார் 36,000. அவற்றில் பல, விக்டோரியா மகாராணி காலத்திலும் அதற்குச் சற்றுப் பின்பும் நட்டவை. இந்த மரங்களுக்காக மாநகராட்சியும் ஊர்க்காரர்களும் சில வருடங்கள் மல்லுக்கட்டினார்கள். எழுபது வயதைத் தாண்டிய பெண்கள் கைதாகும் அளவுக்குப் போன சண்டை அது!

சண்டை மரத்தில் ஆரம்பிக்கவில்லை, ரோட்டில் ஆரம்பித்தது. ஷெஃபீல்டின் சாலைகள் குண்டும் குழியுமாகக் கிடந்தன. குழிகளின் நகரம் என்றே ஊரைக் கிண்டல் செய்வார்கள். சரிசெய்ய மாநகராட்சியிடம் பணம் இல்லை. 2012-ல் அது ஏமி என்ற தனியார் கம்பெனியோடு 25 வருட ஒப்பந்தம் போட்டது. மதிப்பு சுமார் 220 கோடி பவுண்டு. சாலை, நடைபாதை, தெருவிளக்கு எல்லாவற்றையும் கம்பெனி முதலில் புதுப்பிக்கும், பிறகு பராமரிக்கும். மாநகராட்சி வருடாவருடம் பணம் கட்டும், மத்திய அரசும் பெரிய தொகை கொடுக்கும். அந்தக் காலத்தில் பிரிட்டன் முழுவதும் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாமே இந்த முறையில் கட்டப்பட்டன. கையில் காசில்லாத மாநகராட்சிக்கு இது வரப்பிரசாதமாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. சாலையோர மரங்களும் அதே ஒப்பந்தத்துக்குள் போயின. விளக்குக் கம்பத்தைப் போல மரமும் ஒரு சாலைச் சாமான்!

எந்த மரத்தை வெட்டலாம்? மாநகராட்சி ஆறு காரணங்களைச் சொன்னது. மரம் ஆபத்தானதாக இருக்க வேண்டும், அல்லது செத்திருக்க வேண்டும், செத்துக்கொண்டிருக்க வேண்டும், நோய் பிடித்திருக்க வேண்டும். இந்த நான்கையும் யாரும் எதிர்க்கவில்லை. வம்பு வந்தது மற்ற இரண்டில்தான். ஒன்று, நடைபாதைக்கோ சாலைக்கோ சேதம் செய்யும் மரம். இன்னொன்று, சக்கர நாற்காலிக்காரர்களுக்கும் குழந்தை வண்டி தள்ளுபவர்களுக்கும் வழிவிடாத மரம். நூறு வயது மரம் என்றால் வேர் பருத்திருக்கும், ஓரக்கல் கொஞ்சம் தூக்கியிருக்கும். அதைக் குற்றமாகச் சொன்னால் ஊரில் பாதி மரம் குற்றவாளிதான். ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததும் கிட்டத்தட்ட அதே பாதிதான் என்பது பிறகு தெரியவந்தது.

ஓரக்கல்லைத் தூக்கும் வேருக்கு மரத்தை வெட்டுவது ஒன்றுதான் வழி என்பதில்லை. மெல்லிய ஓரக்கல் வைக்கலாம், வேர் இருக்கும் இடத்தில் ஓரக்கல்லைச் சற்று வெளியே தள்ளி வைக்கலாம், வளைந்துகொடுக்கும் பொருளால் தளம் போடலாம். இவையெல்லாம் ஒப்பந்தத்திலேயே மாற்று வழிகளாக இருந்தன. ஆனால் களத்தில் அரிதாகவே பயன்பட்டன. காரணம் புரியாத புதிர் இல்லை. சாலைகளைப் புதுப்பிக்க முதல் ஐந்து வருடம் கெடு. அதன்பின் இருபது வருடம் பராமரிப்பு கம்பெனியின் தலையில். பெரிய மரத்தைவிடக் கன்றைப் பராமரிக்கச் செலவு குறைவு என்று எதிர்ப்பாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். கணக்குப் போடத் தெரிந்த யாருக்கும் இது விளங்கும்.

எண்ட்கிளிஃப் பூங்காவை ஒட்டிய ரஸ்ட்லிங்ஸ் சாலையில் லைம் மரங்கள் இருந்தன (எலுமிச்சை இல்லை, இது வேறு, உயரமாக வளரும் நிழல்மரம்). 2015-ல் அவற்றைக் காப்பாற்றக் கிளம்பிய கூட்டத்தைப் பார்த்து மற்ற தெருக்களிலும் குழுக்கள் முளைத்தன, எல்லாம் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தன. மாநகராட்சி அதே வருடம் சுதந்திரமான மரக்குழு ஒன்றை அமைத்தது. தெருவாசிகள் எதிர்த்தால் நிபுணர்கள் மரத்தைப் பார்த்து ஆலோசனை சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காப்பாற்றலாம் என்று குழு சொன்ன மரங்களில் பெரும்பாலானவற்றை வெட்டவே மாநகராட்சி முடிவு செய்தது.

2016 நவம்பர் 17. விடிய இன்னும் நேரம் இருந்தது. ரஸ்ட்லிங்ஸ் சாலையில் போலீஸார் காலை ஐந்து மணி வாக்கில் வீட்டுக் கதவுகளைத் தட்டி, காரை நகர்த்தச் சொன்னார்கள். பின்னாலேயே வெட்டும் ஆட்கள். எட்டு மரங்கள் விழுந்தன. அந்த மரங்களைப் பற்றிய மரக்குழுவின் ஆலோசனை இணையத்தில் ஏறியதே அன்று விடிகாலையில்தான். படித்துப் பார்க்க யாருக்கும் அவகாசம் இல்லை. தடுத்த மூன்று பேர் கைதானார்கள், இரண்டு பேர் எழுபதைத் தாண்டிய பெண்கள். அந்தத் தொகுதி எம்.பி.யும் முன்னாள் துணைப் பிரதமருமான நிக் கிளெக், இது புதினின் ரஷ்யாவில் நடக்கும் காரியம் என்ற தொனியில் எழுதினார். கொஞ்சம் மிகைதான், ஆனால் அந்த ஒப்பீடு நாடு முழுவதும் செய்தியானது. இருட்டில் வெட்டியதற்கு மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது, வெட்டியதற்கு இல்லை.

அந்தக் கைதுகளுக்குப் பயன்பட்ட சட்டம் இன்னும் விசித்திரம். 1992-ம் வருடத் தொழிற்சங்கச் சட்டத்தின் ஒரு பிரிவு. வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குப் போகிறவரை மறிப்பவர்களுக்காக வைத்திருந்த பிரிவை, மரத்தடியில் நின்றவர்கள் மீது போட்டார்கள். அதுவும் தொழிலாளர் கட்சி ஆண்ட ஒரு மாநகராட்சியின் மரத்துக்காக! வழக்குகள் நிற்கவில்லை, கைவிடப்பட்டன. அடுத்து 2017-ல் மாநகராட்சி உயர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியது. மரத்தைச் சுற்றிப் போடும் தடுப்புக்குள் நுழைந்தால் நீதிமன்ற அவமதிப்பு. பசுமைக் கட்சிக் கவுன்சிலர் அலிசன் டீல் மீது அவரது சொந்த மாநகராட்சியே வழக்குப் போட்டது, நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

தடையாணைக்கு ஊர்க்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தடை பொதுச் சாலைக்குத்தானே? வீட்டுத் தோட்டத்துச் சுவர் தனியார் இடம். சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றால் பக்கத்தில் மரம் வெட்ட முடியாது. அப்படி நிற்பதற்கு அவர்கள் வைத்த பெயர் பல்லி. 2018 தொடக்கத்தில் ஒரு மரத்துக்கு டஜன் கணக்கில் போலீஸார், தனியார் காவலாளிகள், சுவரெல்லாம் பல்லிகள் என்று தெருக்கள் இருந்தன.

சில மரங்களுக்குத் தனிக் கதையே உண்டு. வெஸ்டர்ன் சாலையின் மரங்கள் 1919-ல், முதல் உலகப்போருக்குப் போன அந்தப் பகுதிப் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் நினைவாக நட்டவை. அவற்றில் 23 வெட்டுப் பட்டியலில் இருந்தன. செல்சி சாலையில் ஓர் எல்ம் மரம். நாட்டின் கோடிக்கணக்கான எல்ம் மரங்களை அழித்த நோயிலிருந்து தப்பிய அதிர்ஷ்டசாலி, அதன் இலையையே நம்பி வாழும் அரிய பட்டாம்பூச்சிக்கு வீடு. அதன் குற்றம்? வேரால் நடைபாதையைத் தூக்கியது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு கேள்விக்கு மட்டும் நேரான பதில் வரவே இல்லை. மொத்தம் எத்தனை மரம் வெட்டப்போகிறார்கள்? இலக்கு எதுவும் இல்லை என்றே மாநகராட்சி சொல்லிவந்தது. ஒப்பந்தத்தின் பல பக்கங்கள் வணிக ரகசியம் என்று மறைக்கப்பட்டிருந்தன. தகவல் ஆணையர் அலுவலகம் தலையிட்ட பிறகு, 2018 மார்ச்சில் அந்தப் பகுதி வெளியே வந்தது. வருடத்துக்குக் குறைந்தது 200 வீதம், ஒப்பந்தம் முடிவதற்குள் 17,500 மரங்களை மாற்ற வேண்டும் என்று அதில் இருந்தது. ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியாகப் பார்த்தே முடிவு செய்கிறோம் என்று வருடக்கணக்கில் சொன்னவர்கள், அந்த எண்ணை 2012-லேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

அதே மாதம் வேலை நிறுத்தப்பட்டது. அதற்குள் 5,500-க்கும் மேற்பட்ட மரங்கள் போயிருந்தன. பிறகு நடந்ததுதான் உண்மையான வெட்கக்கேடு. எதிர்ப்பாளர்களும் மாநகராட்சியும் கம்பெனியும் ஒன்றாகத் தெருத்தெருவாகப் போய், வெட்டுவதாக இருந்த மரங்களைப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றைச் சின்ன வேலைகளிலேயே காப்பாற்ற முடியும் என்று தெரிந்தது. அந்தச் செல்சி சாலை எல்ம் மரமும் தப்பியது. இந்தச் சோதனையை 2012-ல் செய்திருந்தால் ஒரு பல்லிக்கும் வேலை இருந்திருக்காது.

ஊரின் கோபம் மரத்தோடு நிற்கவில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் ஒரு தலைவரிடமும் அவரைச் சுற்றியுள்ள சிலரிடமும் குவிந்ததால்தான் இப்படி ஆனது என்று கையெழுத்து வேட்டை நடந்தது. 2021 மே மாதம் நடந்த வாக்கெடுப்பில் 65 சதவீதம் பேர் குழு முறை நிர்வாகத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள்.

ஐ.நா.வின் மனிதாபிமான உதவிப் பிரிவுக்குத் தலைமை வகித்த சர் மார்க் லோகாக் விசாரணை நடத்தி, 2023 மார்ச்சில் அறிக்கை கொடுத்தார். பாதி மரங்களை மாற்றும் திட்டமே தவறானது, ஆரோக்கியமான மரங்கள் ஆயிரக்கணக்கில் வீணாக வெட்டப்பட்டன, மாநகராட்சி சில நேரங்களில் நேர்மையாக நடக்கவில்லை, நீதிமன்றத்தையே இரண்டு முறை தவறாக வழிநடத்தியது என்று அவர் எழுதினார். மென்மையான வழிகளைச் சொல்லும் ஒரு மரக் கொள்கை ஆவணம் நீதிமன்றத்தில் காட்டப்பட்டது, நடைமுறையோ வேறாக இருந்தது. அதை நம்பித்தான் தீர்ப்புகள் வந்தன. அந்த ஜூன் மாதம் மாநகராட்சி ஊர்க்காரர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

2021-ம் வருடத்துச் சுற்றுச்சூழல் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு வந்தது. 2023 நவம்பர் 30 முதல் இங்கிலாந்தில் எந்த உள்ளாட்சியும் சாலையோர மரத்தை வெட்டும் முன் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். செத்த மரத்துக்கும், உடனடி ஆபத்தான மரத்துக்கும், மிகச் சிறிய மரத்துக்கும் விலக்கு உண்டு. கருத்தைக் கேட்ட பிறகு அதன்படியே நடக்க வேண்டும் என்று மட்டும் சட்டத்தில் இல்லை.