யூரிக் அமிலமும் பாரிசவாதமும்: ஒரு பழைய வழக்கு

பதுளை, பசறை, வெலிமடைப் பக்கம் ஒருவருக்குக் கை கால் விழுந்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் முன்பெல்லாம் "பிரஷர் கூடிட்டுதாக்கும்" என்பார்கள். இப்போது "யூரிக் கூடிட்டுதாம், மாட்டிறைச்சிய நிப்பாட்டுங்க" என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டு வரும் பாரிசவாதத்தில் பலருக்கு யூரிக் அமிலம் கூடித்தான் இருக்கிறது. ஆனால் அது குற்றவாளியா, அல்லது குற்றவாளியோடு கூடத் திரிகிறவனா? இந்த வழக்கு பழையது. அதன் தொடக்கத்தில் நமக்குப் பழக்கமான ஒரு பெயரும் இருக்கிறது.

நம் ஹக்கீம்மார் இரு நோய்களையும் அறிந்திருந்தார்கள். இப்னு ஸீனா (மறைவு 1037) தமது அல்கானூனில், காலைப் பிடிக்கும் 'நிக்ரிஸ்' நோய்க்கு சூரின்ஜான் கிழங்கைச் சொல்கிறார். இன்று கவுட்டுக்கு டொக்டர்மார் எழுதும் கொல்கிசின் அந்த இனத்துச் செடியிலிருந்து 1820இல் பிரித்தெடுத்ததுதான். திடீரென ஆளை வீழ்த்தும் 'ஸக்தா'வுக்கு மூளையில் ஏற்படும் அடைப்பைக் காரணமாகச் சொன்னார். ஆனால் அவர் சொன்ன அடைப்பு இன்றைய இரத்தக்கட்டி அல்ல. இதை மறைத்து, எல்லாமே அன்றே நம்மவர் சொன்னதுதான் என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

யூரிக் அமிலத்தை 1776இல் ஷீலே சிறுநீர்க் கல்லில் கண்டார். கவுட் நோயாளரின் இரத்தத்திலேயே அது கூடியிருப்பதை 1848இல் லண்டனில் அல்ஃபிரட் கரொட் காட்டினார். அதற்குப் பிறகு வருகிறார் ஃபிரெட்ரிக் அக்பர் முஹம்மது.

பாட்னாவிலிருந்து போய், 1810இல் லண்டனில் இந்தியச் சாப்பாட்டுக் கடை திறந்த தீன் முஹம்மதின் பேரன் இவர். 1849இல் பிரைட்டனில் பிறந்தவர். தாத்தா காலத்திலேயே குடும்பம் கிறிஸ்தவத்துக்கு மாறிவிட்டது. ஆகவே பெயரை மட்டும் வைத்து அவரை நம் பட்டியலில் சேர்க்க அவசரப்பட வேண்டாம். கைஸ் ஆஸ்பத்திரியில் மாணவராக இருந்தபோதே, நாடித்துடிப்பைக் கடதாசியில் கீறிக் காட்டும் கருவியைத் திருத்தியமைத்து, 1872இல் அதைப் பற்றி எழுதினார். கையில் சுற்றி ஊதும் பட்டி வந்தது 1896இல்தான். சிறுநீரகம் கெட்ட பிறகே பிரஷர் ஏறுகிறது என்று நம்பிய காலத்தில், சிறுநீரில் அல்புமின் தெரியும் முன்னரே நாடி இறுகியிருப்பதைக் காட்டினார். சுகமாக நடமாடுகிறவர்களிடமும் அதைக் கண்டார். கவுட் உடம்புக்காரர்களையும் அந்த வரிசையில் வைத்தார். 1884இல், 35 வயதில், டைஃபொயிட் அவரைக் கொண்டுபோனது.

அதே 1872இல்தான் இலங்கையில் தோட்டங்களுக்கான மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. ஊவாவில் அது கோப்பிக் காலம். தோட்ட வைத்தியத்தின் கவலை காய்ச்சலும் வயிற்றோட்டமும், பின்னர் கொக்கிப்புழு. 1916இல் ரொக்ஃபெல்லர் நிறுவனம் கொக்கிப்புழு ஒழிப்பை இங்கே தொடங்கியது. ஆளை வேலைக்குப் போகவிடாமல் படுக்க வைக்கும் நோயைப் பார்க்கவே டிஸ்பென்சரி அமைந்தது. வலியில்லாமல் ஏறும் பிரஷரை யார் தேடிப்போவது? இன்றும் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும் என்று கொழுந்தெடுப்பவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வெளியேற்றுவது சிறுநீரகம். அது தளர்ந்தால் அமிலம் தேங்கும். பதுளை மாவட்டத்தின் கிராந்துருகோட்டையோ காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயால் அறியப்பட்ட ஊர். போதாததற்கு, பிரஷருக்குக் கொடுக்கும் சில நீர்க்குளிசைகளும் யூரிக்கைக் கூட்டும். ஆக, கூடிய யூரிக் பல நேரம் வேறொரு கோளாறின் அடையாளம்தான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. யூரிக் அமிலம் ஓரளவு மூளையைக் காக்கக்கூடும் என்று கருதி, ஸ்பெயினில் 411 பாரிசவாத நோயாளரில் ஒரு பகுதியினருக்கு அதையே ஊசி வழியாக ஏற்றிப் பார்த்தார்கள். 2014இல் வந்த முடிவில் உறுதியான பலன் தெரியவில்லை. மறுபக்கம், யூரிக்கைக் குறைக்கும் அலோபியூரினோலை பிரித்தானியாவில் 5,700க்கு மேற்பட்ட இதய நோயாளரிடம் சோதித்தார்கள். 2022இல் வெளியான முடிவின்படி, மாரடைப்போ பாரிசவாதமோ அதனால் குறையவில்லை. கவுட் வலிக்கு அது நல்ல மருந்து என்பது வேறு கதை.

நம் வீடுகளிலோ மாட்டிறைச்சியை நிறுத்திவிட்டு, கருவாட்டையும் ஊறுகாயையும் விடாமல், "பிரஷர் குளிசை சூடு" என்று மாதத்தில் பாதி நாள் அதைப் போடாமல் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். யூரிக் ரிப்போட்டைப் பத்திரமாக மடித்து வைத்திருப்பார்கள். கடைசியாகப் பிரஷர் பார்த்தது எப்போது என்று கேட்டால், "போன நோன்புக்கு முந்தி" என்பார்கள்.