நாய்த் துணையின் மனப்பயன்: சராசரியில் மறைவது எது?

நாயோடு வாழ்வது மனத்துக்கு நல்லது என்ற கருத்து ஆய்வகச் சோதனைகளில் பெரும்பாலும் உறுதிப்படுகிறது. பெருந்தொகையான மக்களிடம் எடுக்கப்படும் கணக்கெடுப்புகளிலோ பலமுறை மெலிந்து, சில வேளைகளில் காணாமலே போகிறது. செல்லப்பிராணிகளால் நலம் கூடுகிறது என்பது இன்னும் நிறுவப்படாத கருதுகோளே என்று அமெரிக்க உளவியலாளர் ஹரால்ட் ஹெர்சாக் 2011இல் வாதிட்டதற்கு இந்த முரண்பாடும் ஒரு காரணம். அவருடைய எச்சரிக்கை நியாயமானது. ஆனால் பயன் என்பதே வளர்ப்போரின் கற்பனை என்ற முடிவுக்கு அதிலிருந்து தாவ இடமில்லை. மனிதத் துணை குறைந்த இடத்திலும், மனிதத் துணையே நெருக்கடியாக மாறும் தருணத்திலும்தான் நாய் தரும் மனப்பயன் அழுத்தமாக வெளிப்படுகிறது. எல்லோரையும் ஒன்றாகக் கூட்டி வகுத்தால் அது கரைந்துபோவது இயல்பே என்பது இக்கட்டுரையின் வாதம்.

உடலியல் சான்றுகளிலிருந்து தொடங்கலாம். ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ப்பவரை நெடுநேரம் நோக்கிய நாய்களிடமும் அந்த வளர்ப்பவர்களிடமும் பிணைப்போடு தொடர்புடைய ஹார்மோனான ஆக்ஸிடோசினின் அளவு உயர்ந்தது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இது நிகழவில்லை. தென்னாப்பிரிக்காவில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு, நாயைத் தடவிக்கொடுத்தபோது மனிதரிடம் மனஅழுத்த ஹார்மோனான கார்டிசால் குறைந்ததைக் காட்டியது. நாய்களிடம் அத்தகைய தெளிவான குறைவு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இருதரப்புக்கும் சமமான ஆறுதல் என்று எழுதுவோர் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். இவற்றைவிட என் வாதத்துக்கு நெருக்கமானது கேரன் ஆலனும் அவருடைய குழுவினரும் 1991இல் வெளியிட்ட சோதனை. நாய் வளர்க்கும் 45 பெண்களுக்கு மனக்கணக்கு கொடுத்து நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அளந்தார்கள். நெருங்கிய தோழி அருகிலிருந்தபோது பதற்றம் கூடியது. தங்கள் நாய் அருகிலிருந்தபோது மிகக் குறைவாக இருந்தது. தோழியின் அன்பில் குறையேதுமில்லை. ஆனால் தோழிக்குக் கணக்குத் தெரியும், பிழை தெரியும், அதைப் பற்றி ஓர் எண்ணமும் இருக்கும். நாய்க்கு அது இல்லை. ஆகவே நாயின் பயனை அன்பின் அளவால் மட்டும் விளக்குவது போதாது. மதிப்பிடும் கண் அங்கே இல்லை என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். அப்படியானால், பிறர் கணிப்புக்கு அஞ்ச வேண்டிய தேவையே இல்லாதவருக்கு இந்த ஆறுதல் சிறிதாகவே இருக்கும்.

தனிமை பற்றிய சான்றுகளும் இதே திசையில் செல்கின்றன. சுவீடனில் 40 முதல் 80 வயது வரையிலான 34 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவேடுகளைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2017இல் வெளியானது. நாய் வளர்த்தவர்களின் இறப்பு இடர், தனியாக வாழ்ந்தவர்களிடையே 33 விழுக்காடும் பிறரோடு சேர்ந்து வாழ்ந்தவர்களிடையே 11 விழுக்காடும் குறைவாக இருந்தது. இறப்பு விகிதம் மனநிலையின் அளவுகோல் அன்று. நடைப்பயிற்சியும் அதில் கலந்திருக்கும். ஆயினும் இவ்விரு எண்களுக்கு இடையிலுள்ள தொலைவு கவனத்துக்குரியது. மேலும், நாய் வீட்டுக்குள் மட்டும் துணையாவதில்லை. இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெக்நிக்கோலஸும் காலிஸும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், நாயோடு செல்பவரிடம் அறிமுகமற்றோர் பேச்சுக் கொடுப்பது வெகுவாகக் கூடியது. அவர் நன்றாக உடுத்தியிருந்தாலும் கந்தலாக இருந்தாலும் இந்த விளைவு நீடித்தது.

இதற்கு வலுவான மறுப்பு, தேர்வுப் பிழை பற்றியது. வசதியும் இடமும் உடல்நலமும் உள்ளவர்களே நாய் வளர்க்கிறார்கள், ஆகவே காரணம் நாய் அன்று என்பார்கள். கலிஃபோர்னியக் குழந்தைகளைப் பற்றிய 2017ஆம் ஆண்டு ஆய்வில் குடும்ப வருமானம், வீட்டின் வகை முதலியவற்றைக் கணக்கில் எடுத்ததும் செல்லப்பிராணி உள்ள குழந்தைகளின் சாதகம் மறைந்தது உண்மைதான். ஆனால் குடும்பத்தின் நடுவே வாழும் குழந்தைக்கும் தனியே வாழும் முதியவருக்கும் தேவை ஒன்றல்ல. சிட்னியில் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வு இம்மறுப்பை நேராகச் சந்திக்கிறது. நாய் வாங்கியவர்களை, வாங்கும் விருப்பமிருந்தும் தள்ளிப்போட்டவர்களோடும் விருப்பமே இல்லாதவர்களோடும் அது ஒப்பிட்டது. நாய் வந்த மூன்று மாதங்களுக்குள் வாங்கியவர்களின் தனிமையுணர்வு குறைந்தது. பங்கேற்றவர்கள் 71 பேரே. இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனாலும் நாய் வளர்க்கும் மனப்பாங்கே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்ற வாதம் இங்கே தளர்கிறது.

இன்னொரு மறுப்பு சுமை பற்றியது. அதை நான் மறுக்கப் போவதில்லை. நாட்பட்ட நோயுற்ற செல்லப்பிராணிகளைப் பராமரிப்போரிடம் மனஅழுத்தமும் மனச்சோர்வு அறிகுறிகளும் கூடுதல் என்று அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. பயன் சூழலைப் பொறுத்தது என்றால் கேடும் அப்படியே இருக்கும். தமிழ்நாட்டில் இதைச் சோதிக்க விரும்புவோருக்கு, ‘வீட்டில் நாய் உண்டா’ என்ற கேள்வி எதையும் சொல்லாது. இங்கே வாசலோடு நின்றுவிடும் நாயும் தெருவே சோறிடும் நாயும் ஏராளம். அவை யாருடையவை என்பதே தெளிவில்லை. வீட்டுக்குள் வளரும் நாய்க்கும், கொஞ்சி விளையாடுபவர் ஒருவராகவும் கழுவித் துடைத்துச் சோறு வைப்பவர் வேறொருவராகவும் இருக்கலாம். வீட்டில் எத்தனை பேர், வேலைகளை யார் செய்கிறார்கள், கால்நடை மருத்துவச் செலவை யார் ஏற்கிறார்கள் என்று ஆளுக்கு ஆள் பிரித்துக் கேட்டபிறகே சராசரி எடுக்கவேண்டும்.