ஓரிரவில் மூடப்பட்ட பாங்கி

பாங்கிகளை நாட்டுடைமையாக்குவது என்றதும் நம் நாட்டவர் நினைவுக்கு வருவது 1969ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள். அன்று 14 பாங்கிகள் அரசின் உடைமையாயின. கிராமங்களில் கிளைகள் தோன்ற வேண்டும், உழவருக்கும் சிறுதொழில் செய்வோருக்கும் கடன் கிட்ட வேண்டும் என்பவை அதற்குக் கூறப்பட்ட நோக்கங்கள். 2009 ஜனவரியில் அயர்லாந்து அரசு ஏற்றுக்கொண்ட ஆங்கிலோ ஐரிஷ் பாங்கின் வரலாறோ வேறு. வீழ்ச்சியைத் தடுக்கவே அரசு அதை ஏற்றது. அடுத்த ஆண்டிலேயே, தடுக்க இயலாது, கலைப்பதே வழி என்பது தெளிவாகிவிட்டது.

1964இல் டப்ளினில் தோன்றிய அந்தப் பாங்கி, நிலம் வாங்கிக் கட்டடம் எழுப்புவோருக்குக் கடன் கொடுத்தே பெருத்தது. நிலத்தின் விலை ஏறிய வரையில் எல்லாம் நலமாகத் தோன்றின. 2008 செப்டம்பர் இறுதியில், விடியுமுன் எடுத்த ஒரு முடிவினால், அந்நாட்டு அரசு ஆறு நிறுவனங்களின் பொறுப்புகளுக்குத் தானே ஜாமீன் நின்றது. ஜாமீன் நின்றவன் கடனாளியாவது நம் ஊர்களில் பலரும் கண்டறிந்த உண்மை. 2010ஆம் ஆண்டில் அப்பாங்கி காட்டிய நஷ்டம் 1,770 கோடி யூரோ. ரொக்கமாகக் கொடுக்க அரசிடம் பணமில்லை. ஆகவே அரசு புரோநோட்டு எழுதிக் கொடுத்தது! இந்தப் பாங்கிக்கும், அதைப் போலவே நொடித்துப்போன ஐரிஷ் நேஷன்வைடு என்னும் வீட்டுக்கடன் சங்கத்துக்குமாக ஏறத்தாழ 3,060 கோடி யூரோவுக்கு நோட்டுகள் எழுதப்பட்டன. ஆண்டுதோறும் மார்ச் 31ஆம் நாள் 306 கோடி யூரோ செலுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு நிறுவனங்களுக்கும் மொத்தத்தில் அரசு இறைத்தது சுமார் 3,470 கோடி யூரோ; 46 லட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில், தலைக்கு 7,500 யூரோவுக்கும் மேல்.

2011இல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டு, ஐ.பி.ஆர்.சி. என்ற புதுப்பெயர் பெற்றன. அதற்கு முன்பே பொதுமக்களின் டெபாசிட்டுகள் வேறு பாங்கிகளுக்கு மாற்றப்பட்டிருந்தன. எஞ்சியவை வசூலிக்க வேண்டிய கடன்களும், கொடுக்க வேண்டிய கடன்களுமே. பணம் போட்டவர்கள் வாசலில் திரண்டு நிற்காத நிலையில் ஒரு பாங்கி தன் முடிவை எதிர்நோக்கியது.

அந்த முடிவு 2013 பிப்ரவரி 6ஆம் நாள் இரவு வந்தது. கலைக்கும் திட்டம் இரகசியமாக வகுக்கப்பட்டிருந்தது. அன்று மாலை செய்தி வெளியே கசிந்துவிட்டது. கடன் கொடுத்தோர் வழக்காடிச் சொத்துகளைப் பற்றிவிடுவார்களோ என்ற அச்சத்தில், நிதியமைச்சர் மைக்கேல் நூனன் அன்றிரவே மசோதாவைக் கொண்டுவந்தார். உறுப்பினர்களுக்கு அதைப் படித்துப் பார்க்கவும் போதிய நேரமில்லை. நள்ளிரவைக் கடந்து இரு அவைகளும் அதை நிறைவேற்றின. இத்தாலியிலிருந்து விமானத்தில் விரைந்து திரும்பிய குடியரசுத் தலைவர் மைக்கேல் ஹிக்கின்ஸ் கையொப்பமிட, மசோதா சட்டமாயிற்று. தனி லிக்விடேட்டர்கள் இருவர் பொறுப்பேற்றனர். மார்ச் மாதத் தவணை வருமுன் அந்தப் புரோநோட்டுகள் நீங்கி, 2,500 கோடி யூரோவுக்கு நீண்டகால அரசுக் கடன் பத்திரங்கள் அவற்றின் இடத்தைப் பெற்றன. அவற்றுள் கடைசிப் பத்திரத்தின் கெடு 2053ஆம் ஆண்டு. அன்று பள்ளியிற் படித்த சிறுவர்கள் தலைநரைக்கும் காலம் அது!

இனிக் கடன்களை விற்க வேண்டும். கடனை விற்பது என்றால், வசூலிக்கும் உரிமையை இன்னொருவருக்கு விலைக்குக் கொடுப்பதாகும். நூறு ரூபாய்க் கடனை அறுபதுக்கு வாங்கியவர், கடனாளியிடம் நூறும் கேட்கலாம். இடைப்பட்டது அவருடைய ஆதாயம். விற்பவருக்கு அவசரம் என்பதை வாங்குவோர் அறிந்துவிட்டால் விலை சரியும். அயர்லாந்தில் இதற்கு ஒரு தடுப்பு இருந்தது. கடன் தொகுதி ஒவ்வொன்றுக்கும் சார்பற்ற மதிப்பீட்டாளர்கள் விலை வகுத்தனர். அந்த விலைக்கு எவரும் முன்வராவிட்டால், நாமா என்னும் அரசுச் சொத்து நிர்வாக நிறுவனம் எடுத்துக்கொள்ளும் என்று அறிவிக்கப்பட்டது. இது சிறந்த யோசனை என்றே கூற வேண்டும். முகமதிப்பில் ஏறத்தாழ 2,170 கோடி யூரோக் கடன்கள் விற்பனைக்கு வந்தன. 2014ஆம் ஆண்டிற்குள் பெரும்பகுதி வெளியாரிடமே விலைபோயிற்று. நாமா வாங்க வேண்டிய தேவை எழவில்லை. தொகுதிகளுக்குப் பாறை, கல், மணல் என்று பொருள்படும் பெயர்களைச் சூட்டியவர் நகைச்சுவை உணர்வுடையவராக இருந்திருக்க வேண்டும். கட்டட மோகத்தால் அழிந்த பாங்கி அல்லவா!

மணல் என்ற தொகுதியில்தான் எளியவர்கள் இருந்தனர். அதில் அடங்கியவை பழைய வீட்டுக்கடன் சங்கத்தில் பெற்ற ஏறத்தாழ 13,000 வீட்டுக் கடன்கள். தொகை சுமார் 180 கோடி யூரோ. தவணை தவறாமல் கட்டி வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். தள்ளுபடி விலையில் பிறருக்குக் கொடுப்பதானால், எங்கள் கடனை எங்களுக்கே கொடுங்கள் என்று அவர்கள் கேட்டனர். அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. ஒவ்வொரு வீட்டுக்காரருடனும் தனித்தனியே பேரம் பேசினால் கலைப்பு முடிவதெப்போது என்பது மறுப்புக்கு ஒரு நியாயமாகலாம். ஆயினும், பாங்கியின் நஷ்டத்தை வரியாகச் சுமந்தவர்கள் அவர்களே அல்லவா? 2014இல் அமெரிக்க முதலீட்டு நிறுவனங்களான லோன் ஸ்டாரும் ஓக்ட்ரீயும் அக்கடன்களைப் பங்கிட்டு வாங்கின.

பத்திரத்தின் வாசகம் மாறவில்லை. வட்டி கேட்பவர் மாறினார். புதிய உரிமையாளர் பாங்கி அல்லர் என்பதால், பாங்கிகளைக் கட்டுப்படுத்தும் விதிகள் அவரை நேரே கட்டுப்படுத்தவில்லை. 2015இல் இயற்றிய ஒரு சட்டம், கடன்களை வசூலித்து நிர்வகிக்கும் முகவர் நிறுவனங்களை மத்திய பாங்கியின் கண்காணிப்பின்கீழ் கொண்டுவந்தது. கடனின் உரிமையாளரையே அக்கண்காணிப்பில் சேர்த்த சட்டம் 2018 டிசம்பரில் இயற்றப்பட்டது. அதற்குள் மணல் தொகுதி கைமாறி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.