வேஜா: ஏற்றியதும் இறக்கியதும்

பிரேசிலின் 'வேஜா' வார இதழை எதிர்ப்பின் சின்னமாக மட்டும் பார்ப்பது பாதி உண்மை. 1968 செப்டம்பரில் மீனோ கார்த்தாவை ஆசிரியராகக் கொண்டு அப்ரீல் நிறுவனம் அதைத் தொடங்கியது. மூன்றே மாதத்தில் ராணுவ அரசின் ஐந்தாவது ஆணை நாடாளுமன்றத்தையே மூடியது. பின்னர் தணிக்கையாளர்கள் வெட்டிய இடங்களைத் தேவதைகளும் சாத்தான்களும் படங்களாக நிரப்பின. துணிச்சல்தான், குறும்பும்கூட, ஆனால் 1976இல் வெளியேற வேண்டியிருந்தவர் கார்த்தா, இதழோ தொடர்ந்து நடந்தது. 1992இல் பெத்ரோ கோலோர், அதிபராயிருந்த தன் அண்ணன் பெர்னாந்தோ மீது சுமத்திய ஊழல் குற்றச்சாட்டை வெளியிட்டு, அவர் பதவி விலக வழிவகுத்தது இதே இதழ்தானே என்று கேட்கலாம். மறுப்பதற்கில்லை. ஆனால் 1988இல் அதே பெர்னாந்தோ கோலோரை, கொழுத்த சம்பளம் வாங்கும் அரசு அதிகாரிகளை வேட்டையாடும் வீரராக அட்டையில் போட்டு நாடறியச் செய்ததும் வேஜாதான்.