தமிழ்க் கட்டற்ற மென்பொருளும் தன்னார்வச் செயல்திட்டங்களும்: ஒரு வரலாறு

கோடம்பாக்கம் என்றதும் படப்பிடிப்புத் தளங்களே நினைவுக்கு வரும். கட்டற்ற மென்பொருளுக்காகத் தன்னார்வலர்கள் செய்துவரும் பணிகளின் வரலாற்றை அங்கிருந்து தொடங்குவது பொருந்தாததுபோலத் தோன்றலாம். ஆனால், ஒரு படைப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி தமிழ்நாட்டில் ஊரறிய எழுந்தபோது அதில் அந்த வட்டாரத்துக்கு நேரடிப் பங்கு இருந்தது.

ஏவி. மெய்யப்பன் 1948-இல் தம் படப்பிடிப்பு நிலையத்தைக் காரைக்குடியிலிருந்து கோடம்பாக்கத்தை ஒட்டிய வடபழனிக்கு மாற்றினார். பாரதியாரின் பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமையை அவர் விலைகொடுத்து வாங்கி வைத்திருந்தார். 1947-இல் வெளியான 'நாம் இருவர்' படத்தின் வெற்றியில் அப்பாடல்களுக்குப் பெரும்பங்கு உண்டு. பின்னர் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் ஒன்று இடம்பெற்றபோது உரிமைச் சிக்கல் வெடித்தது. பாரதியின் பாட்டு ஒருவருடைய தனிச்சொத்தா என்று எழுத்தாளர்களும் நாடகக் கலைஞர்களும் கேட்கத் தொடங்கினார்கள். 1949-இல் சென்னை மாகாண அரசு பாரதியின் குடும்பத்தாருக்குப் பணம் கொடுத்து நூல்களின் உரிமையைப் பெற்றது. மெய்யப்பன் தம்மிடமிருந்த உரிமையைப் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். பின்னர் அவை மக்களுக்குப் பொதுவாக்கப்பட்டன.

எழுத்தாளர்களின் நூல்களுக்கு அரசு பரிவுத்தொகை கொடுத்து அவற்றை நாட்டுடைமையாக்கும் வழக்கம் இதன் தொடர்ச்சியாக வளர்ந்தது. அந்த வழக்கம்தான் அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, கணினியோடு பழகிய தமிழ்த் தன்னார்வலர்களுக்கு மிகப் பெரிய வேலையைக் கொண்டுவந்து கொடுத்தது. அதைப் பின்னால் பார்ப்போம்.

செய்ய வேண்டியவற்றின் பட்டியல்

1983 செப்டம்பர் 27 அன்று அமெரிக்க நிரலரான ரிச்சர்ட் ஸ்டால்மன், குனு என்ற இயங்குதளத்தை எழுதப்போவதாக அறிவித்தார். எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், மூலநிரலைப் படித்து மாற்றலாம், பிறருக்குப் பகிரலாம், மாற்றியதையும் பகிரலாம் என்ற நான்கு உரிமைகளைத் தருவதே கட்டற்ற மென்பொருள். ஓர் இயங்குதளம் முழுவதையும் ஒருவர் எழுதி முடிக்க இயலாது. ஆகவே இன்னும் எழுதப்படாத நிரல்களின் பட்டியல் ஒன்றைக் குனு திட்டம் பேணிவந்தது. பட்டியலில் ஒன்றை எடுத்து, வீட்டில் உட்கார்ந்து எழுதி அனுப்பினால் அது முழுமையில் ஓர் உறுப்பாகச் சேரும்.

இன்று எந்தக் கட்டற்ற மென்பொருள் குழுவும் வைத்திருக்கும் 'செயல்திட்ட யோசனைகள்' என்ற பட்டியலின் மூதாதை இதுவே. பட்டியல் போடுவது எளிது. அதில் உள்ளதை முன்பின் தெரியாத ஒருவர் ஓய்வுநேரத்தில் எடுத்துச் செய்து, மீதியை இன்னொருவரிடம் விட்டுச் செல்ல முடியுமா என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. தமிழில் கடந்த கால் நூற்றாண்டில் நடந்தவற்றைப் பார்த்தால், அப்படி வெட்டிக் கொடுக்க முடிந்த வேலைகள் நடந்தேறின. ஒருவரின் தலைக்குள் முழுதாக இருக்க வேண்டிய வேலைகள் அந்த ஒருவருக்காகக் காத்துக் கிடந்தன.

பக்கம் பக்கமாக: மதுரைத் திட்டம்

1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் அதன் ஒருங்கிணைப்பாளர். தமிழ் இலக்கியங்களை மின்னுரையாக்கி எவரும் கட்டணமின்றிப் பெறச் செய்வது நோக்கம். 1971-இல் மைக்கேல் ஹார்ட் அமெரிக்காவில் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம் அதற்கு முன்மாதிரி. மதுரைத் திட்டத்தின் முதல் மின்னுரை திருக்குறள்.

அக்காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஒவ்வொரு குறியேற்றத்தில் இருந்தது. எழுதியவரிடம் இருந்த அதே எழுத்துரு படிப்பவரிடமும் இல்லாவிட்டால் திரையில் பொருளற்ற குறிகள்தாம் தெரியும். கல்யாணசுந்தரமே 'மயிலை' என்ற எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்திருந்தார். மயிலாப்பூரைச் சென்னைக்காரர்கள் சுருக்கி அழைக்கும் பெயர் அது. 1999-இல் இணையத் தமிழர்கள் கூடி வகுத்த தகுதரம் வந்தது. அதே ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி அரசின் தாப், தாம் குறியேற்றங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் வந்தன. கடைசியில் எல்லோரும் ஒருங்குறிக்கு மாறினார்கள். மதுரைத் திட்டத்தின் நூல்கள் இந்த மாற்றங்களைத் தாண்டி வந்ததற்குக் காரணம், அவை படங்களாக இல்லாமல் உரையாக இருந்ததே. ஒரு குறியேற்றத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஒரு சிறு நிரல் போதும்.

தொடக்கத்தில் ஒருவர் ஒரு நூலைத் தட்டச்சு செய்ய, இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். சிறு நூலுக்கு இது சரி. ஐந்நூறு பக்கப் புதினத்தை ஒருவர் ஏற்றுக்கொண்டு, பாதியில் வேலை மாறி ஊர் மாறிப் போனால் அந்தப் பாதி அங்கேயே நின்றுவிடும். பின்னர், வருடிய பக்கங்களை இணையத்தில் வைத்து, பலர் ஆளுக்குச் சில பக்கங்களாகத் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்க்கும் முறையும் கையாளப்பட்டது. 2000-இல் குட்டன்பர்க் திட்டத்துக்குத் துணையாக வந்த பகிர்ந்து மெய்ப்புப் பார்க்கும் தளத்தின் வழி இது. அப்படி உருவான மதுரைத் திட்ட நூல்களின் முகப்பில், பங்களித்தவர்கள் அனைவரின் பெயர்களும் நன்றியுடன் வரிசையாக இருக்கும். வேறெங்கும் எழுத்தில் பதிவாகாத பலரின் மாலைநேரங்கள் அந்தப் பெயர் வரிசையில் இருக்கின்றன. நூலைப் பதிவிறக்கும் மாணவர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டி நேரே பாட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

வரி வரியாக: திரையில் தமிழ்

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லினக்ஸின் கே.டி.ஈ., குநோம் ஆகிய திரைமுகப்புகளைத் தமிழாக்கும் வேலை மடலாடற்குழுக்களில் சூடுபிடித்தது. தமிழ்நாடு, இலங்கை, கனடா என்று பல இடங்களில் இருந்தவர்கள் நேரில் சந்திக்காமலே இதைச் செய்தார்கள். இவ்வேலை இயல்பிலேயே துண்டுகளாக இருந்தது. ஒரு மென்பொருளில் திரையில் தோன்றும் ஒவ்வொரு சொற்றொடரும் ஒரு கோப்பில் தனி வரியாக வரும். அதன் கீழுள்ள வெற்றிடத்தில் தமிழை நிரப்ப வேண்டும். நிரல் எழுதத் தெரியாத தமிழாசிரியரும் செய்யலாம், ஒரு பேருந்துப் பயணத்தில் இருபது வரி முடிக்கலாம்.

ஆனால் துண்டு மிகச் சிறியதாகப் போனால் வேறொரு தொல்லை வரும். 'ஓப்பன்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் கண்முன் இருந்தால் அது 'திற' என்ற ஏவலா, 'திறந்த' என்ற அடையா என்று தெரியாது. 'ஃப்ரீ' என்பது வட்டில் உள்ள காலி இடமாகவும் இருக்கலாம், இலவசமாகவும் இருக்கலாம், கட்டற்றதாகவும் இருக்கலாம். 'எடிட்' என்பதை ஒருவர் 'தொகு' என்பார், அடுத்தவர் 'திருத்து' என்பார். ஒரே மென்பொருளின் இரண்டு பட்டிகளில் இரண்டு சொற்கள் நின்று பயனரைத் திகைக்க வைக்கும். ஆகவே துண்டாக்குவதற்கு முன்பு ஒரு சொற்பட்டியலில் உடன்பாடு வேண்டியிருந்தது. அந்த உடன்பாடு எளிதில் கிடைக்கவில்லை. மடலாடற்குழுக்களில் சொற்சண்டைகள் மொழிபெயர்ப்பைவிட நீளமாகப் போனதும் உண்டு. அவை வீணாகிவிடவில்லை. இன்று நாம் எளிதாகப் புழங்கும் கோப்பு, உலாவி, சாளரம் போன்ற சொற்களை நிலைபெறச் செய்ததில் அந்த உழைப்புக்கும் பங்குண்டு.

நேரில் கூடுவதற்கும் ஓர் இடம் இருந்தது. இந்திய லினக்ஸ் பயனர் குழுவின் சென்னைக் கிளை, பல ஆண்டுகள் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை பிற்பகலில் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வானூர்திப் பொறியியல் துறை வகுப்பறையில் கூடியது. கோடம்பாக்கத்தில் மின்தொடர் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் கிண்டி, அங்கிருந்து பேருந்து. கட்டணமில்லை, உறுப்பினர் அட்டை இல்லை. யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம், கேட்கலாம். கல்லூரிப் பாடத்தில் இல்லாத ஒன்றைக் கற்க அங்கே போனவர்களுள் சிலர், பிறகு தமிழுக்கான திட்டங்களை நடத்துபவர்களாக ஆனார்கள்.

எழுத்தை எண்ணுவது

மொழிபெயர்ப்பு ஒருபுறமிருக்க, தமிழ் உரையைக் கையாளும் நிரல்களுக்கே அடிப்படைக் கருவிகள் இல்லாமல் இருந்தன. ஒரு சிறு எடுத்துக்காட்டு. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தையைக் கேட்டால் மூன்று என்று சொல்லும். பைத்தான் நிரல்மொழியைக் கேட்டால் ஐந்து என்னும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகியவற்றை ஒருங்குறி தனித்தனியே வைத்திருப்பதால் வரும் கணக்கு அது. சொல்லைத் திருப்பி எழுதினாலும், குறுக்கெழுத்துப் போட்டி ஒன்றைச் செய்தாலும், வெண்பாவுக்குச் சீர் பிரித்தாலும் இந்த ஐந்து வந்து காலை வாரும்.

'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் அவருடைய கூட்டாளிகளும் வளர்த்த 'ஓப்பன்-தமிழ்' என்ற பைத்தான் நிரலகம் இதைத் தீர்த்துவைத்தது. உரையைக் கொடுத்தால் அது உயிர்மெய்களாகவே பிரித்துத் தரும். கட்டற்ற உரிமத்தில் இருப்பதால், அடுத்து வருபவர் இதே சிக்கலை மறுபடி தீர்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு மாணவர் இறுதியாண்டுத் திட்டத்துக்காக இதையே முதலிலிருந்து எழுதி, மதிப்பெண் வாங்கி, கணினியை மாற்றும்போது தொலைத்துவிடும் நிலைதான் அதற்கு முன் இருந்தது. என் கணிப்பில், தமிழ்க் கணிமையில் வீணான உழைப்பில் பெரும்பகுதி இப்படித் தொலைந்ததே.

நாட்டுடைமை நூல்கள் வந்தபோது

2015-ஐ ஒட்டி இரண்டு வாய்ப்புகள் ஒன்றுசேர்ந்தன. சென்னை காந்தி மண்டபம் சாலையில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகம் வருடி வைத்திருந்த நாட்டுடைமை நூல்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை, விக்கிமூலத்துக்குக் கிடைத்தன. அதே காலத்தில் கூகுள் தன் டிரைவ் சேவையில் தமிழ் எழுத்துணரியைத் திறந்துவிட்டது. கட்டற்ற எழுத்துணரியான டெசராக்ட் அப்போது தமிழில் அவ்வளவு தேர்ச்சி பெற்றிருக்கவில்லை.

கணியம் மின்னிதழை 2012-இல் தொடங்கியவர்களுள் ஒருவரான த. சீனிவாசன் ஒரு பைத்தான் நிரல் எழுதினார். அது ஒவ்வொரு பக்கப் படத்தையும் டிரைவுக்கு அனுப்பி, திரும்பி வரும் உரையை விக்கிமூலத்தில் உரிய பக்கத்தில் பதியும். அலமாரியில் கிடந்த நூல்கள் தேடக்கூடிய உரையாக மாறின. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் ஒரு மூடிய சேவையை நம்பியது சிலருக்கு உறுத்தியது. எனக்கும் உறுத்தல் உண்டு. ஆயினும் கிடைத்த உரை கட்டற்றதாகவே இருக்கிறது. அதைக் கொண்டு கட்டற்ற எழுத்துணரிகளைப் பயிற்றுவிக்கவும் முடியும்.

எழுத்துணரி தந்த உரையில் பிழைகள் நிறைய. 'ரகர'க் குறியும் காலும் குழம்பும், தலைப்பும் அடிக்குறிப்பும் உள்ளே புகும். விக்கிமூலத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிறம் உண்டு. தொடாத பக்கம் சிவப்பு, ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள், வேறொருவர் சரிபார்த்தால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் போதும், எதையும் நிறுவ வேண்டியதில்லை. பாதியில் விட்டுப் போனாலும் எந்தப் பக்கம் எந்நிலையில் இருக்கிறது என்று அடுத்தவருக்குத் தெரியும். மொசில்லா 2017-இல் தொடங்கிய பொதுக்குரல் திட்டமும் இவ்வகைதான். ஒருவர் ஒரு வாக்கியத்தை வாசிப்பார், வேறு சிலர் கேட்டுச் சரியென்பார்கள்.

வெட்ட முடியாத வேலை

கணியம் அறக்கட்டளை தன் செயல்திட்ட யோசனைகளைக் கிட்ஹப் தளத்தில் ஒவ்வொன்றாக எண்ணிட்டுப் பொதுவில் வைத்திருக்கிறது. ஆர்வமுள்ளவர் எதையும் எடுத்துக்கொள்ளலாம். ஐயங்களையும் முன்னேற்றத்தையும் அதே இடத்தில் எழுதலாம். யோசனை ஒருவரின் குறிப்பேட்டில் இல்லாமல் எல்லோர் கண்ணிலும் படும்படி இருப்பது பெரிய வசதி.

ஆனால் சில வேலைகள் எண் கொடுத்துவிட்டதாலேயே நகர்ந்துவிடுவதில்லை. கட்டற்ற எழுத்துப்பிழைதிருத்தி அப்படி ஒன்று. லிப்ரே ஆபிசும் ஃபயர்பாக்சும் பயன்படுத்தும் ஹன்ஸ்பெல், ஹங்கேரி மொழிக்காக எழுதப்பட்டது. ஒட்டுகள் மிகுந்த மொழி அது என்பதால் தமிழுக்கும் ஏற்றது என்று தோன்றும். சொற்களைச் சேர்ப்பது துண்டாக்கக்கூடிய வேலைதான். விதி எழுதுவது அப்படியில்லை. 'வீடு' என்று அகராதியில் சேர்த்தால் போதாது. வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டிலிருந்தும், வீட்டுக்காரர்களுக்கெல்லாம் என்று கிளைத்துக்கொண்டே போகும். புணர்ச்சியில் அடுத்த சொல்லும் வந்து ஒட்டிக்கொள்ளும். பெயருக்கு எழுதிய ஒரு விதியை மாற்றினால் வினையில் எங்கோ ஒரு நல்ல சொல் பிழையாகிவிடும். முழு இலக்கணத்தையும் நிரலையும் ஒருசேர மனத்தில் வைத்திருப்பவர் வேண்டும். அத்தகையவர் எப்போதும் சிலரே, அவர்களுக்கும் பிழைப்பு உண்டு.

மலையாளத்தில் இயங்கும் சுதந்திர மலையாளம் கணிமை என்ற குழு, தமிழுக்கும் 'மீரா இனிமை' என்ற கட்டற்ற எழுத்துருவைத் தந்திருக்கிறது. எழுத்துரு வடிப்பதும் வெட்டிக் கொடுக்க முடியாத வேலையே. அவர்களிடம் வடிவமைப்பாளரும் நிரலரும் ஒரே குழுவில் நீண்ட காலம் இருந்தார்கள்.

விக்கிமூலத்தில் அந்த நாட்டுடைமை நூல்களின் பக்கங்கள் ஏராளமாக இன்னும் சிவப்பில் நிற்கின்றன. மஞ்சளாகிவிட்ட பக்கங்களுக்கு, முன்பு தொடாத இன்னொருவர் வர வேண்டியிருக்கிறது.