ஓசிடி ஆஞ்சியோகிராஃபி

ஓசிடி ஆஞ்சியோகிராஃபி என்பது ஊசியோ சாயமோ இல்லாமல், ஒளியை மட்டும் கொண்டு விழித்திரையிலும் அதன் அடியிலுள்ள கோராய்டிலும் ஓடும் ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் முறை. நீரிழிவு விழித்திரை நோய், முதுமையில் வரும் மாக்குலாச் சிதைவு (விழித்திரையின் மையப் பகுதியின் சிதைவு) போன்றவற்றில் புதிதாக முளைக்கும் தகாத குழாய்களைக் கண்டறிய இது பயன்படுகிறது. இக்குழாய்களின் சுவர் வலுவற்றது; எளிதில் கசிந்தும் உடைந்தும் பார்வையைக் கெடுக்கும்.

வரலாறு

கண்ணின் ரத்தவோட்டத்தைப் படமாக்க 1961 முதல் ஃபுளோரசின் ஆஞ்சியோகிராஃபி கையாளப்படுகிறது. இதை அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் நோவோட்னி, ஆல்விஸ் ஆகிய மருத்துவ மாணவர்கள் உருவாக்கினர். இதற்காகக் கைச் சிரையில் ஏற்றும் சாயம் சிலருக்குக் குமட்டலையும், அரிதாகக் கடும் ஒவ்வாமையையும் உண்டாக்கும். 1991இல் டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ குழுவினர், ஒளியால் திசுவைக் குறுக்குவெட்டாகப் படமெடுக்கும் ஓசிடி முறையை அறிவித்தனர். அதிலிருந்து வளர்ந்ததே ஓசிடி ஆஞ்சியோகிராஃபி.

செயல்படும் விதம்

நோயாளி தாடையைத் தாங்கியில் வைத்து, கருவிக்குள் தெரியும் குறியைச் சில நொடிகள் இமைக்காமல் பார்க்க வேண்டும். கருவி ஒரே இடத்தைச் சில மில்லிநொடி இடைவெளியில் மீண்டும் மீண்டும் வருடுகிறது. அசையாத திசு ஒவ்வொரு முறையும் ஒரேபோல் பதிவாகும். சிவப்பணுக்கள் ஓடும் இடம் மட்டும் மாறும். அந்த மாற்றத்தைக் கணினி பிரித்தெடுத்துக் குழாய்களின் வரைபடமாக்குகிறது. 3 × 3 மி.மீ., 6 × 6 மி.மீ. பரப்புகள் பரவலாக எடுக்கப்படுகின்றன.

நோயறிதல்

படத்தை அடுக்கு அடுக்காகப் பிரித்துப் பார்க்க முடிவது இதன் பெரும் பலம். விழித்திரையின் வெளியடுக்கில் இயல்பாகவே ரத்தக் குழாய் கிடையாது. அங்கே குழாய் வலை தென்பட்டால் அது நோயின் அறிகுறி. மாக்குலாச் சிதைவில், விழித்திரைக்கும் கோராய்டுக்கும் இடையிலுள்ள நிறமி எபிதீலியம் என்னும் அடுக்கின் அடியில் தங்கும் குழாய்கள் முதல் வகை, அதைத் துளைத்து மேலே வருபவை இரண்டாம் வகை, விழித்திரைக்குள்ளேயே தோன்றுபவை மூன்றாம் வகை. கசியத் தொடங்காத குழாய்களையும் இதில் காணலாம். முற்றிய நீரிழிவு விழித்திரை நோயில் புதுக் குழாய்கள் விழித்திரையைத் தாண்டி, கண்ணுக்குள் நிறைந்துள்ள விட்ரியஸ் கூழ்மத்தின் பக்கம் வளர்வது குறுக்குவெட்டில் தெரியும்.

வரம்புகள்

ரத்தம் ஓடுவதைக் காட்டும் இம்முறை, கசிவதைக் காட்டாது. ரத்தம் மிக மெதுவாக ஓடும், குழாய்ச் சுவரின் நுண்வீக்கங்கள் விடுபடலாம். கண் அசைந்தால் படத்தில் கோடுகள் விழும். மேலடுக்குக் குழாயின் நிழல் கீழடுக்கில் பதிந்து, இல்லாத குழாயை இருப்பதாகக் காட்டும். ஆகவே மருத்துவர்கள் இதை வழக்கமான ஓசிடி படத்துடன் ஒப்பிட்டே முடிவெடுக்கின்றனர். கசிவை அறிய வேண்டியபோது சாயப் பரிசோதனையையும் நாடுகின்றனர்.