ஆறு தேடிப் போகும் சாமி: திருவண்ணாமலையின் தீர்த்தவாரியும் தெப்பமும்

திருவண்ணாமலை ஓடத்துறை இல்லாத தலம். தெற்கே மணலூர்ப்பேட்டைப் பக்கம் தென்பெண்ணை ஓடுகிறது. வடக்கே கலசப்பாக்கம் வழியாகச் செய்யாறு பாலாற்றை நோக்கிப் போகிறது. இரண்டுக்கும் எட்டாத தூரத்தில், மலையடிவாரத்தில் ஊர் அமைந்திருக்கிறது. படகேறிப் போய்க் கோயில் படித்துறையிலோ அரண்மனை வாசலிலோ இறங்கும் நகரங்கள் உலகில் பல உண்டு. இங்கே அது முறை மாறிக் கிடக்கிறது. தை, மாசி மாதங்களில் அண்ணாமலையாரே ஆறு தேடிப் புறப்படுகிறார். கார்த்திகையில் ஊர்க் குளத்தில் அவருடைய பரிவாரத்துக்குத் தெப்பம் கட்டப்படுகிறது. இந்த இரண்டு வழக்கங்களுக்கும் பின்னால் இந்த வட்டாரத்து ஆறுகளின் தன்மையும், ஓர் அரச குடும்பத்தின் முடிவும், ஏரி குளம் வெட்டிய நாயக்கர் காலமும் இருக்கின்றன.

மழையாறுகளின் நாடு

தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்திமலையை ஒட்டிய குன்றுகளில் பிறந்து, கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களைக் கடந்து, திருக்கோவிலூர் வழியாகக் கடலூர் அருகே கடலில் கலக்கிறது. செய்யாறு சவ்வாது மலையில் தோன்றிப் பாலாற்றில் சேர்கிறது. இரண்டும் மழையை நம்பியவை. ஐப்பசி, கார்த்திகையில் கரை புரளும். கோடை வந்தால் மணற்பரப்பாகக் கிடக்கும். மணலுக்கு அடியில் ஊற்று இருக்கும், மேலே கால் நனைய நீர் இருக்காது.

படகுப் போக்குவரத்துக்கு வெள்ளம் போதாது. மாதக்கணக்கில் குறையாத ஆழம் வேண்டும். காவிரியின் கழிமுகத்திலும் கேரளத்துக் காயல்களிலும் அது கிடைத்தது. பெண்ணைக் கரையில் கிடைக்கவில்லை. வெள்ளம் வந்தால் வடியும்வரை காத்திருப்பது, வடிந்தபின் மணலில் வண்டியை இறக்கி அக்கரை ஏறுவது என்பதே இப்பகுதி மக்களின் பயண முறை. ஆறு அவர்களுக்குக் கடக்க வேண்டிய இடமாக இருந்தது. பயணம் செய்யும் பாதையாக இருக்கவில்லை.

ஆற்றோரமாக அரண்மனைக்கு

ஆனால் வழிகாட்டியாக ஆறு பயன்பட்டதற்குப் பழைய சான்று உண்டு. பத்துப்பாட்டில் பத்தாவதாக வைக்கப்பட்டுள்ள மலைபடுகடாம் இந்த மாவட்டத்து நிலத்தைப் பாடிய நூல். பெருங்கௌசிகனார் இயற்றியது, 583 அடிகள் கொண்டது. செங்கண்மா என்ற ஊரிலிருந்து ஆண்ட நன்னன் சேய் நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு வழி சொல்வது அதன் பொருள். செங்கண்மா இன்றைய செங்கம் என்பது பொதுவான கருத்து.

அந்த வழியில் புதைகுழிகளும் வழுக்குப் பாறைகளும் தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த பொறிகளும் வருகின்றன. எந்தக் குடியிருப்பில் என்ன உணவு கிடைக்கும் என்ற குறிப்பும் வருகிறது. நவிரமலையில் உறையும் காரியுண்டிக் கடவுளைத் தொழுதுவிட்டுப் போகச் சொல்கிறது நூல். அது இன்றைய பருவதமலை என்பர். சேயாறும் பேசப்படுகிறது, அதன் கரையை ஒட்டி நடந்தால் மன்னனின் ஊர் வரும். கோயில், அரண்மனை, ஆறு மூன்றும் ஒரே பயணத்தில் இருந்தும் அதில் ஓடம் இல்லை. கூத்தர் கூட்டம் யாழையும் முழவையும் சுமந்துகொண்டு கரையோரமாக நடந்தே போகிறது.

அக்கரையிலிருந்து கண்ட மலை

தேவார காலத்திலும் அண்ணாமலைக்கு வழி கால்நடைதான். பெண்ணையின் வடகரையில், திருக்கோவிலூருக்கு எதிரே, பாறை மேல் அமைந்திருக்கிறது அறையணிநல்லூர், இன்று அரகண்டநல்லூர். திருஞானசம்பந்தர் அங்கிருந்தே அண்ணாமலையைக் கண்டு தொழுது பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. தெளிந்த நாளில் அவ்விடத்திலிருந்து மலை தெரியும். ஆற்றைக் கடந்து வந்த யாத்ரீகருக்கு அதன்பின் மலையே திசைகாட்டி.

அதே சம்பந்தர் வரலாற்றில் ஓடமேறிக் கோயிலடைந்த நிகழ்ச்சியும் உண்டு. அது நடந்த இடம் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர். முள்ளியாற்றில் வெள்ளம் பெருகி ஓடக்காரர்கள் ஓடங்களைக் கட்டிப் போட்டுவிட்டுப் போய்விட, சம்பந்தர் அடியார்களுடன் ஓர் ஓடத்தில் ஏறிப் பதிகம் பாடி அக்கரை சேர்ந்தார் என்பது வரலாறு. அங்கே ஐப்பசியில் ஓடத் திருவிழா இன்றும் நடக்கிறது. ஒரே அடியார், காவிரிப் படுகையில் அவருக்கு ஓடம் வேண்டியிருந்தது, அண்ணாமலை இருக்கும் நடுநாட்டில் நடை போதுமாக இருந்தது. நிலத்துக்கு நிலம் யாத்திரை முறை மாறுவதை இந்த இரண்டு கதைகளும் காட்டுகின்றன.

மூன்று ஆறுகளில் தீர்த்தவாரி

மக்கள் படகில் வர முடியாத ஊரில் தெய்வம் ஆற்றுக்குப் போகும் ஏற்பாடு வளர்ந்தது. திருவண்ணாமலைக் கோயில் நாட்காட்டியில் தீர்த்தவாரிகள் பல. அவற்றுள் மூன்று, ஊர் எல்லையைத் தாண்டி ஆற்றங்கரையில் நடப்பவை.

முதலாவது தை 5ஆம் நாள். பொங்கல் முடிந்து மறுநாள், சாமிக்கும் அம்மனுக்கும் இடையிலான ஊடலைக் காட்டும் திருவூடல். அதன்பின் சாமி தெற்கே மணலூர்ப்பேட்டைக்குப் புறப்படுகிறார். வழியில் ஊர்தோறும் மண்டகப்படி நடக்கும். மக்கள் வாசல் தெளித்துக் கோலம் போட்டுத் தேங்காய் உடைத்து வரவேற்பார்கள். தென்பெண்ணையில் சூல வடிவான அஸ்திர தேவரை நீரில் மூழ்குவிப்பார் குருக்கள், அதுதான் தீர்த்தவாரி. கரையில் நிற்பவர்களும் அந்த நேரத்தில் தலை முழுகுவார்கள். தென்பெண்ணைக் கரையில் விழுப்புரம், கடலூர் வரைக்கும் பல ஊர்ச் சாமிகள் இதே நாளில் ஆற்றுக்கு வருவதால், ‘ஆற்றுத் திருவிழா’ என்றே இதற்குப் பெயர். மணலில் ராட்டினம் சுழலும். கரும்பும் சுருளிக்கிழங்கும் குவித்து விற்கப்படும். தை மாதத்தில் வெள்ளம் தணிந்து, நீர் முழங்காலளவில் தெளிந்து ஓடும். மணலில் கூட்டம் நிற்க இடமும் குளிக்க நீரும் ஒருசேரக் கிடைக்கும் பருவம் அதுதான்.

இரண்டாவது ரதசப்தமி. அன்று சாமி வடக்கே கலசப்பாக்கம் போகிறார். செய்யாற்றங்கரையில் அவ்வூர்த் திருமாமுடீசுவரரும் எழுந்தருள, இரண்டு சாமிகளுக்கும் சந்திப்பும் தீர்த்தவாரியும் நடக்கும்.

மூன்றாவது மாசி மகம். பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக் கரையில் நடக்கும் இந்தத் தீர்த்தவாரியில் ஓர் அரசனுக்குத் திதி கொடுக்கப்படுகிறது. அந்த அரசன் வல்லாள மகாராஜா.

அரசனுக்குத் திதி கொடுக்கும் ஈசன்

வரலாற்றில் அவர் போசள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர். டெல்லிப் படைகளின் தாக்குதலில் தலைநகர் துவாரசமுத்திரம் சீரழிந்தபின், 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் திருவண்ணாமலையைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டு மதுரை சுல்தான்களை எதிர்த்தார். 1342இல் கண்ணனூர்ப் போரில் முதிய வயதில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவர் தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைத் தாம் கண்டதாக மொராக்கோப் பயணி இப்னு பதூதா எழுதியிருக்கிறார்.

தலபுராணம் இதை வேறு விதமாகச் சொல்கிறது. பிள்ளையில்லாத வல்லாளனுக்கு ஈசனே குழந்தையாக வந்தார். ஆகவே அவன் இறந்தபின் மகன் செய்ய வேண்டிய கடனை அவரே செய்கிறார். தைப்பூசத்தன்று ஈசான்ய தீர்த்தத்தில் தீர்த்தவாரி முடிந்து திரும்பும் வேளையில் அரசன் இறந்த செய்தி சாமிக்கு அறிவிக்கப்படும். அதுவரை முழங்கிய மேளம் நின்றுவிடும். வாத்தியம் இல்லாமல் சாமி கோயிலுக்குத் திரும்புவார். அடுத்த மாசி மகத்தில் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரையில் திதி. அதன்பின் மன்னனின் வாரிசாக அண்ணாமலையாருக்குக் கோயிலில் பட்டாபிஷேகம். போசளர் அரண்மனையின் சுவடு ஊரில் கண்ணில் படுவதில்லை; கோயிலுக்குள் வல்லாள கோபுரம் நிற்கிறது. அந்த அரச குடும்பத்தின் நினைவு இந்த ஆற்றங்கரைச் சடங்கில்தான் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது.

குளத்தில் ஏறும் தெப்பம்

ஆற்றுக்கு ஆண்டில் சில நாட்கள்தான் போக முடியும். மற்ற நாட்களுக்கு நீர் வேண்டுமே. மலையில் பெய்யும் மழையைத் தேக்கினால் உண்டு, விட்டால் ஓடிவிடும். அதனால் கிரிவலப் பாதை நெடுகிலும் ஊருக்குள்ளும் குளங்கள் வெட்டப்பட்டன. கோயிலுக்குள் இருக்கும் சிவகங்கைத் தீர்த்தம் விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் காலத்துத் திருப்பணி. ஆயிரங்கால் மண்டபமும் 217 அடி உயர ராஜகோபுரத்தின் தொடக்கமும் அவர் காலத்தவையே. கோபுரத்தை முடித்தவர் தஞ்சை நாயக்கர் சேவப்பர்.

தெப்பம் ஓடும் குளம் அய்யங்குளம். நான்கு பக்கமும் கருங்கல் படி இறங்கும் பெரிய குளம் அது. 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்த 16 வயது வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, தலையை மழித்துக்கொண்டதும், கையிலிருந்த பணத்தையும் பட்சணப் பொட்டலத்தையும் வீசியெறிந்ததும் இந்தக் குளக்கரையில்தான்.

கார்த்திகை தீபத் திருவிழாவில் மகாதீபம் ஏற்றிய பின் மூன்று இரவுகள் இங்கே தெப்பல் நடக்கும். முதல் நாள் சந்திரசேகரர், இரண்டாம் நாள் பராசக்தி அம்மன், மூன்றாம் நாள் சுப்பிரமணியர் தெப்பத்தில் எழுந்தருளுவார்கள். தெப்பம் என்பது சுயமாக ஓடும் படகன்று. அடியில் மிதவை, மேலே பலகைத் தளம், அதன் மேல் மரச்சட்டமும் துணியும் கொண்டு கட்டிய மண்டபம்: இவ்வளவுதான் அதன் அமைப்பு. முன்பு மூங்கிலும் மரக்கட்டைகளும் மிதவையாக இருந்தன. இப்போது வாய் அடைத்த காலிப் பீப்பாய்களைப் பிணைக்கிறார்கள். எடை ஒரு பக்கம் சாயாதபடி சாமி நடுவில் வைக்கப்படும். தெப்பத்தில் கட்டிய கயிற்றைப் படிகளில் நிற்பவர்கள் இழுத்துக்கொண்டே நகர்வார்கள். தெப்பத்தில் நிற்பவர்கள் மூங்கில் கழியால் ஊன்றித் திசை திருப்புவார்கள். குளத்தைச் சுற்றி வந்து புறப்பட்ட படித்துறையிலேயே நிற்கும். அதற்குப் போய்ச் சேரும் ஊர் எதுவுமில்லை. வலம் வருவதே பயணம். மலையைச் சுற்றும் ஊரில் இது பொருந்தித்தான் இருக்கிறது.

பிற ஊர்களும் ஒரு பெருநகரமும்

தெப்ப விழா தமிழகம் முழுவதும் உள்ள வழக்கம். மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் 1645இல் திருமலை நாயக்கர் காலத்தில் வெட்டப்பட்டது. சுமார் 305 மீட்டர் நீளமும் 290 மீட்டர் அகலமும் கொண்ட அந்தக் குளத்தில் தைப்பூசத்தன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் மைய மண்டபத்தைச் சுற்றி வருகிறார்கள். நாயக்கர் தம் மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளமே குளமாயிற்று என்பது மதுரைச் செய்தி. திருவாரூர் கமலாலயத்தில் நூற்றுக்கணக்கான பீப்பாய்கள் மேல் கட்டப்படும் தெப்பம் நாதசுரக் குழுவையும் பெருங்கூட்டத்தையும் சேர்த்தே சுமக்கும்.

உண்மையான நீர்வழி நகரத்துக்கு உதாரணம் தேட வேண்டுமானால் பாங்காக்குக்குப் போக வேண்டும். அந்நகருக்கும் திருவண்ணாமலைக்கும் ஒரு தொடர்பும் உண்டு. மாணிக்கவாசகர் திருவெம்பாவையை அருளியது திருவண்ணாமலையில் என்பது சைவ மரபு. அதன் பாடல்கள் கடல் கடந்து சயாமின் அரச சடங்கில் இடம்பெற்றன. பாங்காக்கில் 1784இல் அமைந்த பிராமணர் கோயிலில் மார்கழி, தை மாதங்களை ஒட்டி நடக்கும் திரியம்பாவாய் விழாவில் அவை மந்திரமாக ஓதப்பட்டு வருகின்றன. அவ்விழாவில் உயர்ந்த தூண்களுக்கிடையே ஆடிய பெரிய ஊஞ்சல் 1935இல் நிறுத்தப்பட்டது.

1782இல் சாவோ பிரயா ஆற்றின் கரையில் தலைநகரான பாங்காக்கில் 1860களில்தான் முதல் நவீன சாலை போடப்பட்டது. அதுவரை கோயிலுக்கும் அரண்மனைக்கும் சந்தைக்கும் ஆறும் கால்வாய்களுமே தெரு. இன்றும் அரண்மனைக்குப் படகுத்துறை உண்டு. அக்கரையில் இருக்கும் அருணன் கோயிலான வாட் அருணுக்குப் படகில்தான் பலர் போகிறார்கள். மழைக்கால முடிவில் மன்னர் பிக்குகளுக்குச் சீவர ஆடை வழங்க அரச படகுகளின் ஊர்வலமாக அங்கே செல்வதுண்டு. அவற்றில் முதன்மையான அன்னப்பறவை முகப்புப் படகு 1911இல் நீரில் இறக்கப்பட்டது. அதைத் துடுப்பிட 50 பேர் வேண்டும். அண்ணாமலையில் தெய்வம் நீரைத் தேடிப் போகும் பயணத்தைப் பாங்காக்கில் மன்னர் நீர் வழியாகக் கோயிலுக்குப் போகும் பயணமாகப் பார்க்கலாம். அங்கே ஆண்டு முழுதும் ஆழம் குறையாத ஆறு இருந்ததுதான் வேறுபாடு.

அணைக்குப் பின்

திருவண்ணாமலை வட்டாரத்து ஆற்றின் போக்கை 20ஆம் நூற்றாண்டில் சாத்தனூர் அணை மாற்றியது. 1958இல் கட்டி முடிக்கப்பட்ட அதன் முழு நீர்மட்டம் 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. பாசனம் பெருகியது, அணைக்குக் கீழே ஆற்றில் நீர் வருவது திறப்பைப் பொறுத்ததாயிற்று. மணல் குறைந்த இடங்களில் சீமைக்கருவேலம் மண்டியது. தை 5 அன்று மணலூர்ப்பேட்டையில் எவ்வளவு நீர் இருக்கும் என்பதை அந்த ஆண்டின் மழையும் அணையின் இருப்பும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

ஆறு தன் பழைய குணத்தை விட்டுவிடவில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் நீர் திறக்கப்பட்டது. அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே, திறந்து மூன்று மாதமே ஆகியிருந்த பாலம் அந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. அந்தச் சில நாட்களில் தாழ்ந்த பகுதிகளில் மீட்புப் படகுகள் இறங்கின. வடிந்ததும் வழக்கம்போலச் சாலையும் பாலமுமே போக்குவரத்தாயின. அடுத்த மாதம் தை பிறந்தது. ஆற்றுத் திருவிழாவுக்கான நாளும் வந்தது.